கருவில் வரும் சொத்து

"தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை" என்பது நம்மவரிடையே பெருவழக்காயுள்ள பழமொழி. பிள்ளை நன்றாக அமைந்துவிட்டால் அப்பழமொழி தாய்க்குப் புகழாகிறது. பிள்ளைக்கு ஒரு குறை நேர்ந்துவிட்டாலோ அதே பழமொழி அவள் தலைமேற் பழியாக வந்து விழுகிறது. ஒரு பிள்ளையின் உடல் எவ்வாறு உருவாகின்றது, அதில் தாயின் பங்கு யாது, தந்தையின் பங்கு யாது, அப்பங்கோடு சேர்ந்து வரக்கூடிய நோய் யாது என்பன பற்றி இன்று சிறிது பேச விரும்புகிறேன். நான் விஞ்ஞானம் பயின்றவன் அல்லன், கலைப் பட்டதாரி. எனினும் என் பாடசாலை மாணவன் ஒருவன் இவ்விடயத்தைத் தேடிக் கற்கும் கடமையை எனக்கு உண்டாக்கினான். ஆகவே அவனிடமிருந்தே தொடங்குகிறேன்.

மொனராகலையை அடுத்த இறப்பர்த் தோட்டமொன்றிலிருந்து வந்த சிறுவன் அவன். ஆறாம் வகுப்பிற் படித்தான். வகுப்பில் எல்லோரினும் சிறியவன். முகம் எப்பொழுதும் வெளிறியிருக்கும். வரவு இடாப்பைப் பார்த்தபொழுது ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒருமுறை இரண்டு நாட்கள் அவன் வராதிருந்தமை தெரிந்தது. பள்ளிக்குக் கள்ளம் செய்கிறான் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். தந்தையை அழைத்துக் கடிந்துகொண்டேன். அவர் தலைகுனிந்து நின்று, "மாசம் ஒருக்கா பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போறோங்க சேர். ரத்தம் ஏத்தாட்டி புள்ள நடக்க மாட்டான்" என்றார். படல்கும்புர, பசறை வழியாக மலைப்பாதையில் பஸ் ஏறிப் போய், இரவு தங்கி, மறுநாள் திரும்பிவரும் பிள்ளையைத்தான் நான் கள்ளன் என எண்ணியிருந்தேன். அன்று நான் அடைந்த வெட்கம் இன்னும் மாறவில்லை.

அருகில் நின்ற தாய் அதற்கு மேலும் ஒரு வார்த்தை சொன்னார். "எல்லாம் என் வயித்துக் கோளாறுங்க சேர். எங்க அத்தை அப்புடித்தான் சொல்றாங்க. கெட்ட வயிறாம், சாபமாம்." அவர் அத்தை என்றது தம் மாமியாரை. அந்த மாமியார் அவருடைய தந்தையின் உடன்பிறந்த சகோதரியும் ஆவார். கணவனும் மனைவியும் அத்தை மகனும் மாமன் மகளும். இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்கே திரும்பி வருவோம்.

அந்தத் தாய்க்கு அன்று என்னால் மறுமொழி கூற முடியவில்லை. மாலையில் எங்கள் விஞ்ஞான ஆசிரியரை அழைத்து, வெறுமையான வகுப்பறையில் மாணவனைப் போல அமர்ந்து கரும்பலகையைப் பார்த்துக் கற்றேன். பின்னர் நூல்களையும் தேடிப் படித்தேன். அவ்வாறு கற்றதையே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

பிள்ளைப்பேற்றைப் பற்றி நம் முன்னோரிடையே ஓர் உவமை நிலவியது. ஆண் விதை, பெண் நிலம் என்பது அவ்வுவமை. விதை முழுவதும் தந்தையுடையது. தாய் அதனைத் தாங்கி வளர்க்கும் மண் மாத்திரமே என்பது அதன் பொருள். இதில் ஒரு சூழ்ச்சியும் உண்டு. விளைச்சல் நன்றாயிருப்பின் விதைக்குப் பெருமை. விளைச்சல் பொய்த்தால் நிலத்துக்குக் குறை. நம்மவர் மட்டுமன்றிப் பண்டைய கிரேக்க அறிஞர் சிலரும் இவ்வாறே எண்ணினர். அவ்வெண்ணம் தவறு என்பதை நுணுக்குக்காட்டி வந்த பின்னரே உலகம் தெளிவாகக் கண்டது. 1827ஆம் ஆண்டிலே கார்ல் ஏர்ன்ஸ்ற் வொன் பேயர் என்னும் அறிஞர், பாலூட்டிகளின் தாய் வயிற்றிலும் முட்டை உண்டு என்பதைக் கண்டு கூறினார். அதனைச் சூல் என்கிறோம். 1876ஆம் ஆண்டிலே ஒஸ்கார் ஹேர்ட்விக் என்பார், கடல் முள்ளெலி என்னும் சிற்றுயிரின் சூலினுள் ஒரேயொரு விந்து நுழைவதையும், இரண்டின் கருக்களும் ஒன்றாய்க் கலப்பதையும் கண்டார். தாயிடமிருந்தும் ஒரு விதை, தந்தையிடமிருந்தும் ஒரு விதை. இரண்டும் சேர்ந்தே ஓர் உயிர் என்பது அன்று புலனாயிற்று. ஆகவே பழைய உவமையை நாம் திருத்திக்கொள்ள வேண்டும். விதையைக் கொணர்வோர் இருவர். தாய் அதற்கு மேலாக நிலமும் ஆகிறாள்.

பெண்ணின் வயிற்றிலே கருப்பையின் இருமருங்கிலும் இரு சூலகங்கள் உள. பெண் குழந்தை பிறக்கும்பொழுதே அவளுடைய வாழ்நாளுக்குரிய சூல்களின் மூலங்கள் யாவும் அவற்றினுள் அமைந்துவிடுகின்றன. இது வியப்புக்குரிய செய்தி. உங்களை உருவாக்கிய சூல், உங்கள் தாய் அவருடைய தாயின் வயிற்றில் இருந்த காலத்திலேயே உண்டாகிவிட்டது. பாட்டி கூடையைத் தோளில் மாட்டிக் கொழுந்து பறித்த நாளில், தன் மகளோடு சேர்த்து உங்களில் ஒரு பாதியையும் சுமந்திருக்கிறாள்.

பருவமெய்திய பின்னர் ஏறக்குறைய மாதத்துக்கு ஒன்றாகச் சூல் முதிர்ந்து வெளிவருகிறது. அதன் குறுக்களவு ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்கு அளவே. அது பலோப்பியன் குழாய் என்னும் வழியில் இறங்கும்பொழுது, கோடிக்கணக்கிற் புறப்பட்டுச் சில நூறாக வந்தடையும் விந்துகளில் ஒன்று அதனுட் புகுகின்றது. புகுந்த கணமே சூலின் மேலுறை மாறி ஏனையவற்றைத் தடுத்துவிடுகின்றது. இதுவே கருக்கட்டல். ஏறக்குறைய ஒரு நாள் கழிய அக்கரு இரண்டாகப் பிரிகிறது. பின்னர் நான்காகவும் எட்டாகவும் பெருகுகிறது. ஒரு வாரமளவிற் கருப்பையின் சுவரிற் பதிகிறது. நான்காம் வாரத்தில் இதயம் துடிக்கத் தொடங்குகிறது. எட்டு வாரம் நிரம்புமுன் முக்கிய உறுப்புகள் யாவற்றுக்கும் அடித்தளம் இடப்பட்டுவிடுகிறது. கருக்கட்டிய நாளிலிருந்து ஏறக்குறைய 38 வாரங்களிற் குழந்தை பிறக்கிறது.

அந்தச் சிறு கருவுக்குள்ளே இத்தனைக்கும் வேண்டிய திட்டம் எங்கே எழுதப்பட்டிருக்கிறது? நம் உடலின் ஒவ்வொரு கலத்தின் கருவிலும் நூல் போன்ற சில பொருட்கள் உள. அவற்றை நிறமூர்த்தங்கள் என்பர். மனிதருக்கு அவை 48 என்றே நெடுங்காலம் நம்பி வந்தனர். 1956ஆம் ஆண்டிலே சுவீடன் நாட்டின் லுண்ட் நகரில், ஜாவாவிற் பிறந்த ஜோ ஹின் சியோ என்பவரும் அல்பேட் லெவான் என்பவரும் கவனமாக எண்ணி, அவை 46 என்று திருத்தினர். 46 என்பது 23 சோடி. ஒவ்வொரு சோடியிலும் ஒன்று தாய் தந்தது, மற்றையது தந்தை தந்தது. சூலிலும் விந்திலும் மாத்திரம் சோடிகள் பிரிந்து 23 தனி நிறமூர்த்தங்களே இருக்கும். இரண்டும் கலந்தவுடன் மீண்டும் 46 ஆகிறது. இங்கே தராசு இருபுறமும் சமமாக நிற்பதைக் காண்கிறீர்கள்.

ஆணா பெண்ணா என்பதையும் இச்சோடிகளில் ஒன்றே தீர்மானிக்கிறது. பெண்ணுக்கு அச்சோடியில் எக்ஸ் எனப்படும் நிறமூர்த்தங்கள் இரண்டு. ஆணுக்கு எக்ஸ் ஒன்று, வை ஒன்று. தாய் எப்பொழுதும் எக்ஸையே கொடுக்கிறாள், அவளிடம் வேறில்லை. தந்தையின் விந்து எக்ஸைக் கொணர்ந்தாற் பெண், வையைக் கொணர்ந்தால் ஆண். அமெரிக்கப் பெண் விஞ்ஞானி நெற்றி ஸ்ரீவன்ஸ் 1905ஆம் ஆண்டில் வண்டினத்தை ஆராய்ந்து இந்நியதியை வெளியிட்டார். "பெண்ணாகவே பெற்றுப் போடுகிறாள்" என்று மருமகளை ஏசும் மாமியார் இன்றும் நம் லயன்களிலும் உண்டு, நகரத்து மாடி வீடுகளிலும் உண்டு. ஏசத்தான் வேண்டுமென்றால் அவர்கள் தம் மகனை ஏச வேண்டும். அதுவும் நியாயமன்று, ஏனெனில் எந்த விந்து முந்தும் என்பது அவன் கையிலும் இல்லை.

இனி, நிறமூர்த்தங்களின் மேல் வரிசையாக அமைந்த கட்டளைகளே பரம்பரை அலகுகள். அவை டி.என்.ஏ. என்னும் பொருளால் ஆனவை. அதன் முறுக்கேணி வடிவம் 1953இல் வெளிப்பட்டது. மனிதரில் ஏறக்குறைய 20,000 அலகுகள் உள. ஒவ்வொன்றும் உடலின் ஏதோவொரு பொருளை ஆக்குவதற்கான கட்டளை. நிறமூர்த்தங்கள் சோடியாக இருப்பதால் ஏறக்குறைய ஒவ்வொரு கட்டளைக்கும் இரு பிரதிகள் நம்மிடம் உள்ளன.

ஆசிரியன் ஆதலால் இதனைப் பாடநூலாக எண்ணிப் பார்க்கிறேன். ஒரே பாடநூலின் இரு பிரதிகள் வகுப்பில் இருக்கின்றன. ஒரு பிரதியில் 11ஆம் பக்கம் கிழிந்துபோயிற்று. பாடம் நின்றுவிடுமா? நிற்காது, மற்றைய பிரதியைக் கொண்டு நடத்திவிடலாம். கிழிந்த பக்கம் இருப்பதை எவரும் அறியவும் மாட்டார். இரு பிரதிகளிலும் அதே பக்கம் கிழிந்திருந்தால் மாத்திரமே பாடம் நடவாது. ஒன்று பழுதாயினும் மற்றையது மறைத்துவிடும் இத்தகைய இயல்பைப் பின்னிடைவான இயல்பு என்பர். கிரகோர் மென்டல் என்னும் துறவி தம் மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை ஆண்டுக்கணக்காக வளர்த்து, இவ்வுண்மையை 1865ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். ஒரு தலைமுறையில் மறைந்த இயல்பு அடுத்த தலைமுறையில் நாலில் ஒரு பங்காக மீண்டும் தோன்றுவதை அவர் எண்ணிக் காட்டினார். அவர் மறைந்த பின்னர், 1900ஆம் ஆண்டளவிலேதான் உலகம் அவருடைய பெருமையை உணர்ந்தது.

இப்பொழுது நம் சிறுவனிடம் திரும்புவோம். அவனுக்கு வந்த நோயின் பெயர் தலசீமியா. நம் இரத்தம் செந்நிறமாயிருப்பதற்குக் காரணம் ஈமோகுளோபின் என்னும் பொருள். சுவாசப்பையிலிருந்து ஒட்சிசனை உடலெங்கும் சுமந்து செல்வது அதுவே. வளர்ந்தவரின் ஈமோகுளோபினிலே அல்பா என்னும் சங்கிலி இரண்டும் பீற்றா என்னும் சங்கிலி இரண்டும் பிணைந்திருக்கும். பீற்றாச் சங்கிலிக்கான கட்டளை நமது பதினோராம் நிறமூர்த்தத்தில் உள்ளது. அக்கட்டளையின் இரு பிரதிகளும் பழுதாயின் பீற்றாச் சங்கிலி போதிய அளவு உருவாகாது. செங்குழியங்கள் உருவாகும்பொழுதே அழியும். குழந்தை பிறக்கும்பொழுது நலமாகவே தோன்றும். கருப்பையிற் பயன்பட்ட வேறொரு வகை ஈமோகுளோபின் சில மாதங்களுக்குத் தாங்கும். அது குறையத் தொடங்க, ஆறாம் மாதத்தை ஒட்டிப் பிள்ளை வெளிறும், பாலுண்ணாது, மண்ணீரல் பெருத்து வயிறு உப்பும். கண்ணூறு என்றும் கிரந்தி என்றும் தாயத்துக் கட்டி அலைவதிற் சில மாதங்கள் வீணாவதும் உண்டு.

அதன் பின்னர் வாழ்நாள் முழுதும் மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பிறர் இரத்தம் ஏற்றப்பட வேண்டும். ஏற்றிய இரத்தத்தோடு இரும்புச்சத்தும் உடலிற் சேர்ந்துகொண்டே போகும். அதனை முற்றாக வெளியேற்றும் வழி உடலுக்கு இல்லை. தேங்கிய இரும்பு ஈரலையும் இதயத்தையும் கெடுக்கும். ஆதலால் இரும்பை அகற்றும் மருந்தைச் சிறு பொறி மூலம் இரவு முழுதும் தோலின் கீழ்ச் செலுத்துவர். அல்லது குளிசையாக நாள்தோறும் கொடுப்பர். என்பு மச்சையை மாற்றீடு செய்து குணப்படுத்தலாம். பொருத்தமான கொடையாளியும் பெரும் வசதியும் வேண்டும். பரம்பரை அலகையே திருத்தும் சிகிச்சை ஒன்றுக்கு 2023ஆம் ஆண்டின் இறுதியிற் பிரித்தானியா அனுமதி வழங்கியது. அதன் விலை தோட்டத் தொழிலாளியின் கனவுக்கும் எட்டாதது. இந்நாட்டின் அரசாங்க வைத்தியசாலைகள் கட்டணமின்றி இரத்தமும் மருந்தும் கொடுத்து இப்பிள்ளைகளை வாழவைப்பது போற்றுதற்குரியது.

அச்சிறுவனுக்கு இரு பழுதுற்ற பிரதிகள் எவ்வாறு வந்தன? ஒன்று தாயிடமிருந்து, மற்றையது தந்தையிடமிருந்து. வேறு வழியே இல்லை. பெற்றோர் இருவருக்கும் ஒவ்வொரு நல்ல பிரதியும் ஒவ்வொரு பழுதுற்ற பிரதியும் இருந்திருக்கின்றன. இத்தகையோரைக் காவி என்பர். காவி நோயாளி அல்லர். அவர் மலையேறுவார், கொழுந்து பறிப்பார், பால் வெட்டுவார், முதுமை வரை வாழ்வார். காவி ஒருவரும் காவியல்லாத ஒருவரும் மணந்தால் ஒரு பிள்ளைக்கும் இந்நோய் வராது. காவிகள் இருவர் மணந்தால் மாத்திரமே ஆபத்து. ஒவ்வொரு கருவுக்கும் நாலில் ஒரு பங்கு நோய்க்கும், நாலில் இரு பங்கு காவியாவதற்கும், நாலில் ஒரு பங்கு முற்றும் நலமாயிருப்பதற்கும் வாய்ப்பு உண்டு.

இவ்விடத்தில் ஒரு பிழையான எண்ணம் பலருக்கு நேர்கிறது. "நாலில் ஒன்றுதானே; முதற்பிள்ளைக்கு வந்துவிட்டது; இனி மூன்று பிள்ளைகள் நலமாய்ப் பிறப்பர்" என்கின்றனர். அவ்வாறன்று. இரு நாணயங்களை ஒன்றாகச் சுண்டுங்கள். இரண்டிலும் தலை விழும் வாய்ப்பு நாலில் ஒன்று. ஒருமுறை இரண்டும் தலையாக விழுந்துவிட்டன என்பதற்காக அடுத்த முறை நாணயங்கள் அதனை நினைவில் வைத்திருக்குமா? கருவும் அப்படித்தான். ஒவ்வொரு முறையும் கணக்கு புதிதாகவே தொடங்குகிறது. எங்கள் மாணவர்களைக் கொண்டு நூறு முறை சுண்டவைத்துக் கரும்பலகையிற் குறித்தோம். சில வேளை தொடர்ந்து மூன்று முறையும் இரட்டைத் தலையே விழுந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். மூன்று பிள்ளைகளுக்கும் நோய் வந்த வீட்டை எண்ணிய எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்நோய் நம் நாட்டில் ஏன் இவ்வளவு காணப்படுகிறது? காரணம் ஊவாவின் தாழ்நிலத்தார் நன்கறிந்த ஒன்று: மலேரியாக் காய்ச்சல். 1934, 1935ஆம் ஆண்டுகளில் அக்காய்ச்சல் இலங்கையிற் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டது. வெல்லஸ்ஸ முதலான உலர்ந்த பிரதேசங்களில் அது தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தது. நம் முன்னோர் புறப்பட்டு வந்த தென்னிந்தியாவிலும் அது உண்டு. தலசீமியாக் காவியரின் இரத்தத்தில் மலேரியாக் கிருமி செழித்து வளர்வதில்லை. ஆதலால் அவர்கள் தப்பிப் பிழைத்து இவ்வலகைப் பரப்பினர் என்னும் கருத்தை 1949ஆம் ஆண்டில் வெளியிட்டவர் ஜே. பி. எஸ். ஹோல்டேன். இங்கிலாந்தினரான அவ்வறிஞர் பின்னர் இந்தியாவிற் குடியேறி, 1964ஆம் ஆண்டிற் புவனேசுவரத்திற் காலமானார். மலேரியா இன்று நம் நாட்டில் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2016ஆம் ஆண்டு செப்ரெம்பரில் அதனைச் சான்றுபடுத்தியது. காய்ச்சல் போய்விட்டது, அதற்கு எதிரான கவசம் மாத்திரம் நம் குருதியில் எஞ்சி நிற்கிறது. இதனைச் சாபம் என்பது எவ்வளவு பிழை! நம் முன்னோர் உயிர் பிழைத்ததற்கு விட்டுச் சென்ற அடையாளம் இது. ஒருவருக்கு ஒன்றாக இருக்கும்வரை கவசம். இரண்டும் ஒரு பிள்ளையிடம் சேரும்பொழுதே சுமை.

இலங்கையில் நூற்றுக்கு ஏறக்குறைய இருவர் பீற்றாத் தலசீமியாக் காவியர் என்று, பாடசாலை மாணவர்களையும் நோயாளிகளையும் ஆராய்ந்து, 2000ஆம் ஆண்டில் 'லான்செற்' என்னும் மருத்துவ ஏட்டில் வெளியான கட்டுரை கூறியது. வருங்காலத்தில் எவ்வேளையிலும் 2,000 பேருக்கு மேல் சிகிச்சை வேண்டியிருக்கும் என்றும் அது மதிப்பிட்டது.

இனி, சொல்லத் தயங்கும் ஒரு விடயத்துக்கு வருகிறேன். மாமன் மகள், அத்தை மகன் என்னும் உரிமை மணம் நம் சமூகத்தின் நெடுநாள் வழக்கம். தாய்மாமனே அக்காள் மகளை மணப்பதும் நம் தோட்டங்களில் உண்டு. கடல் கடந்து, அறிமுகமற்ற மலைகளில் வந்து வாழ்ந்த மக்களுக்கு உறவே காவலாயிருந்தது. உறவுக்குள் மணம் அவ்வுறவை இறுக்கிக் கட்டியது. அதனை இழித்துரைக்க நான் முன்வரவில்லை. உறவில் மணந்தோரின் பிள்ளைகளிற் பெரும்பாலோர் நலமாகவே பிறக்கின்றனர். ஆயினும் கணக்கு ஒன்று உண்டு. அத்தை பிள்ளையும் மாமன் பிள்ளையும் ஒரே பாட்டன் பாட்டியின் வழியினர். அவர்களுடைய பரம்பரை அலகுகளில் எட்டில் ஒரு பங்கு பொதுவானது. தாய்மாமனுக்கும் மருமகளுக்கும் இடையில் அது நாலில் ஒரு பங்கு. அந்தப் பாட்டனிடம் கிழிந்த பக்கம் ஒன்று இருந்திருப்பின், அதே பக்கம் இரு வழியாலும் இறங்கி வந்து ஒரு பிள்ளையிற் சேர்வதற்கான வாய்ப்பு அயலார் மணத்திலும் பார்க்க மிக அதிகம்.

அச்சிறுவனின் வீட்டில் நிகழ்ந்ததும் பெரும்பாலும் இதுவே. பழி சுமத்திய மாமியாரும், பழி சுமந்த மருமகளின் தந்தையும் உடன்பிறந்தோர். பழுதுற்ற அலகு அவர்களைப் பெற்ற பாட்டனிடமிருந்தோ பாட்டியிடமிருந்தோ புறப்பட்டு, ஒரு கிளை மாமியார் வழியாக மகனுக்கும், மறு கிளை அவருடைய சகோதரர் வழியாக மருமகளுக்கும் வந்திருக்கிறது. "கெட்ட வயிறு" என்று அவர் காட்டிய விரல் தம்மையும் சுட்டிய விரலே. இதனை நான் அக்குடும்பத்தாருக்குக் கரும்பலகையில் வரைந்து காட்டினேன். எவரையும் குற்றவாளியாக்குவதற்கன்று; குற்றவாளி எவரும் இல்லை என்பதைக் காட்டுவதற்கே. தாய் நெடுநேரம் அப்படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர், "அப்ப அவருகிட்ட இருந்தும் பாதி வந்திருக்குதுங்களா சேர்?" என்று கேட்டார். கணவர் முந்திக்கொண்டு, "ஆமா, ஏங்கிட்ட இருந்துந்தான்" என்றார். பன்னிரண்டு ஆண்டுகளாக அந்த வீட்டில் எவரும் சொல்லாத சொல் அது.

கதை அத்தோடு முடியவில்லை. சிறுவனுக்கு நலமான அக்காள் ஒருத்தி இருந்தாள். அவளுக்குத் தாயின் அண்ணன் மகனையே பேசி வைத்திருந்தார்கள். இங்கே ஒரு கணக்கைச் செய்து பாருங்கள். பெற்றோர் இருவரும் காவியர் என்பதால் நலமாயுள்ள பிள்ளை மூன்று வகையில் ஒன்றாயிருக்கலாம். அவற்றுள் இரண்டு காவி, ஒன்று காவியன்று. ஆகவே அப்பெண் காவியாயிருக்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டு. தாய் காவியாதலால் அவருடைய அண்ணனும் காவியாயிருக்கும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. அவருடைய மகனுக்கு அது நாலில் ஒன்று. அயலிலிருந்து ஒரு மாப்பிள்ளை வந்தால் நூற்றுக்கு ஏறக்குறைய இரண்டே. நாலில் ஒன்றுக்கும் ஐம்பதில் ஒன்றுக்கும் உள்ள வேற்றுமை சிறிதன்று.

எனினும் கணக்கு வாய்ப்பைக் கூறுமேயன்றி உண்மையைக் கூறாது. உண்மையைக் கூறுவது இரத்தப் பரிசோதனை. சாதாரண இரத்தப் பரிசோதனையிலேயே செங்குழியங்கள் சிறுத்திருப்பது தெரிந்துவிடும். ஆனால் இரும்புச்சத்துக் குறைவினாலும் அவை சிறுக்கும். நம் தோட்டத்துப் பெண்களிடையே இரத்தசோகை மிகுதி ஆதலால் இங்கே மயக்கம் நேரலாம். இரும்புக் குளிசையை மாதக்கணக்காக விழுங்கியும் இரத்தம் தேறாதவர்கள், தாம் காவியரோ என்று வைத்தியரிடம் கேட்பது நன்று. ஈமோகுளோபினின் வகைகளைப் பிரித்தளக்கும் இரண்டாவது பரிசோதனை பெரும்பாலும் ஐயத்தை நீக்கிவிடும்.

பாட்டி மறுத்தார். "மாப்புள்ளைக்கு ஊசி குத்திப் பாக்குறதா? நம்ம பரம்பரையிலயே இல்லாத வழக்கம்" என்றார். பத்துப் பொருத்தம் பார்க்கும் நாம் பதினோராவதாக இரத்தப் பொருத்தமும் பார்ப்பதில் என்ன குறை என்று கேட்டேன். அவர் இசையவில்லை. மாப்பிள்ளைப் பையனே முன்வந்து, "பாத்துட்டுக் கட்டிக்கிறேன் அப்பத்தா" என்றான். பரிசோதனையிற் பெண் காவி என்றும், அவன் காவியல்லன் என்றும் தெரிந்தது. மணம் இனிது நடந்தேறியது. அவர்களுடைய பிள்ளைகளிற் சிலர் காவியராகலாம். ஒருவருக்கும் இந்நோய் வராது. பரிசோதனை மணத்தை முறிப்பதற்கன்று, அச்சத்தை முறிப்பதற்கு என்பதை அந்த மலையில் அன்று பலர் கண்டனர்.

இருவருமே காவியர் என்று வந்திருந்தால்? அது துயரமான முடிவே. ஆயினும் தாலி ஏறுமுன் அறிவதற்கும், நோயுற்ற பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அறிவதற்கும் உள்ள வேற்றுமையை எண்ணிப் பாருங்கள். தாயின் உயிரைக் காக்கும் பொருட்டன்றிக் கருவைக் கலைப்பதை நம் நாட்டுச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஆகவே இந்நோயைத் தடுப்பதற்கு ஏற்ற காலம் மணத்துக்கு முந்திய காலமே. மத்தியதரைக் கடலிலுள்ள சைப்பிரஸ் என்னும் சிறு தீவில் இந்நோய் நம் நாட்டினும் பன்மடங்கு மிகுதியாயிருந்தது. அங்கே திருச்சபையே முன்வந்து, பரிசோதனைச் சான்றிதழ் இன்றி மணம் செய்துவைப்பதில்லை என விதித்தது. அறிவோடு சமயமும் கைகோத்தமையால் தலசீமியாவுடன் பிறக்கும் குழந்தைகள் அங்கு மிகவும் அருகிவிட்டனர். நம் கோயில்களிலும் தேவாலயங்களிலும் மணநாள் குறிக்க வருவோரிடம் ஒரு வார்த்தை கேட்டால் எவ்வளவு நன்மை விளையும்!

நேயர்களே, நான் வேண்டுவன மூன்றே. மணவயதிலுள்ள ஆணும் பெண்ணும், சிறப்பாக உறவில் மணக்க எண்ணுவோர், அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலையிலோ சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்திலோ தலசீமியாப் பரிசோதனை பற்றிக் கேட்டறிக. காவி என்று தெரியவந்தவரை நோயாளி என்று ஒதுக்காதிருங்கள்; அவரில் ஒரு குறையும் இல்லை. முடிந்தவர்கள் இரத்ததானம் செய்யுங்கள். மாதந்தோறும் பஸ் ஏறிச் செல்லும் பிள்ளைகள் உங்கள் இரத்தத்திலேதான் அடுத்த மாதம் வரை நடக்கிறார்கள்.

எங்கள் சிறுவன் இப்பொழுது சாதாரண தர வகுப்பில் இருக்கிறான். இடாப்பில் அவன் வராத நாட்களுக்கு எதிரே இப்பொழுது சிவப்பு மை இல்லை. "வைத்தியசாலை" என்று எழுதுகிறோம். விஞ்ஞான பாடத்திற் பரம்பரை இயல் வந்தபொழுது, கரும்பலகையில் நாலு கட்டம் கீறி வகுப்புக்கு விளக்கியவன் அவனே. தாய் வழி ஒன்று, தந்தை வழி ஒன்று என்று எழுதி, நடுவிலே ஒரு கூட்டற்குறி இட்டான். அந்தக் கூட்டற்குறியை நாம் அனைவரும் கற்றுக்கொண்டோமாயின், பெற்ற வயிற்றைப் பழிக்கும் வழக்கம் நம்மிடமிருந்து நீங்கும்.